உப்புக்காற்று வீட்டில் ஒரு ரிமோட் ஹப்

கீழக்கரையில் டிவி கெடுவதற்கு முன்னால் அதன் ரிமோட் கெட்டுவிடும். ஏசிக்கும் அதே கதைதான். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் செயின் என்று எல்லாவற்றையும் தின்னும் உப்புக்காற்று, பேட்டரி உட்காரும் அந்தச் சின்ன ஸ்பிரிங்கை மட்டும் விட்டுவைக்குமா? முதலில் பச்சை பூக்கும். அப்புறம் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டித் தட்டி அழுத்த வேண்டிவரும். கொஞ்ச நாளில் அதுவும் பலிக்காது. கடைத்தெருவில் டூப்ளிகேட் ரிமோட் கிடைக்கிறது, டிவிக்கு என்றால் சமாளித்துவிடலாம். ஏசிக்கு வாங்கினால் குளிர் வரும். ஸ்விங்கும் டைமரும் வேலை செய்யுமா என்பது அதிர்ஷ்டம். இப்படி மாற்றி மாற்றி அலுத்துப்போய்த்தான், ரிமோட்டுகளின் வேலையைப் போனிலிருந்து செய்யவைக்கும் ஸ்மார்ட் ரிமோட் ஹப் பக்கம் வந்தேன். வாயால் சொன்னால் ஏசி ஓட வேண்டும் என்ற ஆசையில் பலர் இதை வாங்குகிறார்கள். என்னை வாங்க வைத்தது துரு.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவி வேலை செய்வதும் செய்யாததும் வீட்டைப் பொறுத்தது. எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். நானும் மாமி வீட்டில்தான் இருக்கிறேன். நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு. கடற்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர்கள், ஒரு முழத்துக்கு மேல் தடிமன். மாமா மௌத்தான பிறகு கீழே முன்னறை மாமிக்கு. மச்சான்மார் இரண்டு பேரும் துபாயில். ஹாலில் டிவி, டிஷ் பாக்ஸ், டிவியின் பின்னால் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்; மாமி அறையிலும் மாடியிலும் ஏசி; அதோடு ரிமோட்டில் ஓடும், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மின்விசிறிகள். எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு ரிமோட், அதில் எப்போதும் ஒன்று சோபா இடுக்கில்.

ஹப் செய்வது எளிமையான வேலை. நம் ரிமோட்டின் மூக்கில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) ஒளி விடும் எல்இடி. பட்டனை அழுத்தினால் அந்த ஒளி பெரும்பாலான ரிமோட்டுகளில் நொடிக்கு 38,000 தடவை என்ற கணக்கில் துடிக்கும். அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்பும் வரிசைதான் ‘ஒலியைக் கூட்டு’, ‘சேனலை மாற்று’ என்கிற உத்தரவு. டிவியில் இருக்கும் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சென்சார் இந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்துப் படிக்கும். ஹப்புக்குள் இதே மாதிரி எல்இடிகள் நாலு பக்கமும் பார்த்தபடி இருக்கும். வைஃபை வழியாக போனிலிருந்து உத்தரவு வரும், அதை ஒளியாக மாற்றி அறை முழுக்க விடும். அவ்வளவுதான். ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் சாதாரணமானது ஒன்று வாங்கிவிடலாம்.

வாங்குவதற்கு முன்னால் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகப் பிடித்து ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா நிறத்தில் மினுக்கினால் அது ஐஆர் ரிமோட், ஹப் அதைக் கற்றுக்கொள்ளும். பின்பக்கக் கேமராக்களில் பல இந்த ஒளியை வடிகட்டிவிடும், அதனால்தான் செல்ஃபி கேமரா. ரிமோட் கெட்டதா டிவியின் சென்சார் கெட்டதா என்று தெரிந்துகொள்ளவும் இதே வழிதான். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் போதும்.

மினுக்காத ரிமோட்டுகளும் வீட்டில் இருக்கும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட் ஸ்டிக்கோடு பேசுவது ப்ளூடூத்தில். டிவியைப் போடவும் அணைக்கவும், அதன் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும் ஐஆர். அதனால் அந்த ரிமோட்டில் வால்யூம் பட்டனை அழுத்தும்போது மினுக்குவதைப் பார்த்துவிட்டு முழு ரிமோட்டும் ஹப்பில் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ஃபைபர் இணைப்போடு வரும் செட்டாப் பாக்ஸ்கள் பலவும் ப்ளூடூத்தான். கேட், ஷட்டர், சில விளக்கு சுவிட்சுகள் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் ஓடும். அதற்கு ரேடியோவும் சேர்ந்த, கொஞ்சம் விலை கூடிய ஹப் வேண்டும். அப்போதும் அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் எண்ணை மாற்றிக்கொள்ளும் ரோலிங் கோடு வகைக் கேட் ரிமோட்டைக் காப்பி எடுக்க முடியாது. திருடன் காப்பி எடுக்கக் கூடாது என்றுதானே அப்படிச் செய்திருக்கிறார்கள்!

அடுத்தது இடம். ஐஆர் ஒளி சுவரைத் தாண்டாது. ஒரு ஹப் வாங்கினால் வீடு முழுக்க ஓட்டலாம் என்று பெட்டியில் இருக்கும் படம் சொல்லாமல் சொல்லும். உண்மையில் ஒரு ஹப் ஓர் அறைக்குத்தான். எங்கள் வீட்டில் ஹாலுக்கும் மாமியின் அறைக்கும் நடுவே கதவு எப்போதும் திறந்திருந்தும், ஹாலில் வைத்த ஹப் மாமி அறை ஏசியை எட்டவில்லை. அங்கே தனியாக ஒன்று வைத்தேன். அறைக்குள் என்றால் கவலை இல்லை. வெள்ளையடித்த சுவரும் கூரையும் ஒளியைத் திருப்பி அனுப்பும், ஏசிக்கு முதுகு காட்டி வைத்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். கனமான திரைச்சீலையும் மர அலமாரியும் ஒளியை விழுங்கும். டிவிக்கு அடியில், ஸ்பீக்கருக்குப் பின்னால் என்று ஒளித்து வைப்பதைவிட, தோள் உயரத்தில் திறந்த தட்டில் வைப்பது நல்லது.

வைஃபை விஷயத்திலும் இந்தச் சுவர்கள் வம்புதான். அநேக ஹப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். இப்போதைய ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விடுகின்றன. போன் ஐந்தில் இருக்கும், ஹப் 2.4-இல் தேடும், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது என்பது மாதிரி ஒரு நிலைமை. ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, போனை 2.4-இல் சேர்த்துவிட்டு அமைப்பை ஆரம்பித்தால் ஐந்து நிமிஷ வேலை. சுவர் தாண்ட ரிப்பீட்டர் வைக்கலாம் என்பார்கள். எனக்குப் பிடித்தது, முற்றத்து ஓரமாக ஒரு லேன் கேபிளை இழுத்து அந்தப் பக்கம் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது அங்கேயும் வைஃபை விடும் பெட்டியாக வைத்ததுதான். கேபிள் சுவரைப் பற்றிக் கவலைப்படாது.

ரிமோட்டைக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வருவோம். ஆப்பிலேயே கம்பெனி வாரியாகப் பட்டியல் இருக்கும். உங்கள் டிவி மாடல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பழைய ரிமோட்டை ஹப்புக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். புது பேட்டரி போட்டுச் செய்யுங்கள், சாகக் கிடக்கும் பேட்டரியில் வரும் சிக்னலைக் காப்பி எடுத்தால் காப்பியும் அரைகுறையாக இருக்கும். பட்டனைச் சட்டென்று தட்டி விட வேண்டும். அழுத்திப் பிடித்தால் ‘திரும்பத் திரும்ப’ என்ற செய்தியும் சேர்ந்து பதிவாகி, ஒலி ஒன்று கூட்டச் சொன்னால் மூன்று கூடும். நேர் வெயில் விழும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம், வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு.

டிவி ரிமோட்டும் ஏசி ரிமோட்டும் பார்க்க ஒரே சாதிதான், ஆனால் வேலை செய்யும் விதமே வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டிவி ரிமோட்டில் ஒலி பட்டனை அழுத்தினால் ‘ஒன்று கூட்டு’ என்ற ஒரே ஒரு செய்தி போகும். ஏசி ரிமோட் அப்படி இல்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அது தன் திரையில் இருக்கும் மொத்த நிலவரத்தையும் சேர்த்து அனுப்பும்: ஓடு, குளிர் முறை, 25 டிகிரி, காற்று நடுத்தரம், ஸ்விங் மேலும் கீழும். டிகிரியை ஒன்று ஏற்றினால்கூட இவ்வளவும் புதிதாகப் போகும்.

இதனால் மூன்று விளைவுகள். ஒன்று, ஏசி ரிமோட்டில் ‘கூட்டு’, ‘குறை’ பட்டன்களைத் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்துப் பயனில்லை; கற்றுக்கொடுக்க அழுத்தியதும் திரையில் 25 வந்திருந்தால் அந்தப் பட்டன் எப்போதும் 25-தான் அனுப்பும். முழு நிலவரங்களாகவே சேமிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ‘குளிர் 24’, ‘ராத்திரி 27’, ‘ஈரம் எடு’, ‘அணை’ என்று நாலு போதுமாக இருக்கிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியோடு வரும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதி இருப்பதால், 24-ஐ ஒரு பட்டனாக வைத்துக்கொள்வது வசதி. இரண்டு, பழைய ரிமோட்டுக்கு ஹப் என்ன செய்தது என்று தெரியாது. ஹப் 27 வைத்திருக்கும், மாமி கையில் உள்ள ரிமோட்டின் திரையில் 23 இருக்கும். மாமி குளிர் அதிகம் என்று ஒன்று ஏற்றினால் 24 போகும், குளிர் கூடும்! மூன்று, சில ஏசி சிக்னல்கள் மிக நீளமானவை, மலிவான ஹப் கற்றுக்கொள்ளும்போது பாதியில் வெட்டிவிடும். ஏசி ‘பீப்’ என்று ஒலித்தாலும் சொன்னது அத்தனையும் நடந்ததா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முக்கியமாக ‘அணை’.

மொத்தத்தில் ஹப்புக்கு வாய் உண்டு, காது இல்லை. கற்றுக்கொள்ளும் நேரம் தவிர அது எதையும் கேட்பதில்லை. ‘அணை’ என்று ஒளியை விட்டுவிட்டு, ஆப்பில் ‘அணைந்தது’ என்று காட்டும். டிவி அதைக் கேட்டதா, நடுவில் யாராவது நின்றார்களா, வேறு ரிமோட்டில் யாராவது மாற்றினார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆப்பில் தெரிவது கடைசியாகச் சொன்ன சொல் மட்டும்.

இது எங்கள் வீட்டில் புரிந்தது ஒரு நடுராத்திரியில். சின்ன மச்சான் துபாயிலிருந்து ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறார், ஹால் டிவி ஓடுவதாகக் காட்டியிருக்கிறது. உண்மையில் பிள்ளைகள் ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுத்து வெகுநேரம் ஆகிவிட்டது. டிவியின் பவர் பட்டன் ஒன்றேதான், ஓடினால் அணைக்கும், அணைந்திருந்தால் போடும். மச்சான் பொறுப்பாக அணைத்தார். காலி ஹாலில் டிவி முழுச் சத்தத்தில் கிளம்பியது. மாமி எழுந்து வந்து, “யா அல்லாஹ், யாரு மாப்பிள்ளை இந்த நேரத்துல?” என்று நிற்க, மச்சான் அங்கே ஆப்பில் ‘அணைந்தது’ என்று பார்த்துத் திருப்தியாகத் தூங்கப் போயிருக்கிறார். (அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால்.) மறுநாள் போட்டிம் என்ற வீடியோ கால் ஆப்பில் கூப்பிட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, ராத்திரி டிவியை அணைக்காமல் படுக்கிறீர்களே, கரண்ட் பில் யார் கட்டுவது என்பது.

இதற்கு வழி உண்டு. பல டிவிகளில் ‘போடு’ தனி, ‘அணை’ தனி என்று இரண்டு சிக்னல்கள் உண்டு, ரிமோட்டில் பட்டன் மட்டும் இருக்காது. ஆப்பின் பட்டியலில் உங்கள் டிவிக்குப் பவர் ஆன், பவர் ஆஃப் என்று தனித்தனியாக இருந்தால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றைப் பவர் பட்டனை ஆப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஹெச்டிஎம்ஐ 1, ஹெச்டிஎம்ஐ 2 என்று நேராகப் போகும் சிக்னல்களும் அப்படியே. டிஷ் பாக்ஸுக்கு அந்த வசதி இல்லையென்றால் அதை ஹப்பிலிருந்து அணைக்கவே வேண்டாம், டிவியை மட்டும் அணையுங்கள். ஒரே தட்டில் டிவியைப் போட்டு, இன்புட் மாற்றி, சேனல் எண் அடிக்க வைப்பதென்றால் ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். டிவி விழித்துக்கொள்ளச் சில நொடிகள் ஆகும், அதற்குள் அனுப்புவதெல்லாம் வீண்.

ஏசிக்குக் காது வேண்டுமென்றால் தனியாகத்தான் வாங்க வேண்டும். மின்சாரம் அளக்கும் 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் ஒன்று. ஒன்றரை டன் ஏசி குளிரவைக்கும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் போகும், அணைந்திருக்கும்போது சில வாட் மட்டும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் அந்த பிளக்கை அளக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஓடும் ஏசியை பிளக்கில் வெட்டினால் கம்ப்ரசருக்கு ஆகாது. இன்னொரு வழி, அறையின் வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சென்சார். சில ஹப்புகளுக்கு அது கேபிளிலேயே பதித்து வருகிறது. எங்களுக்கு இதுவே அதிகம் உதவியது, காரணம் கீழே.

மச்சான் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. தூரத்தில் இருப்பவருக்கு உம்மாவைக் கவனித்துக்கொள்ளும் ஆசை. நியாயம்தான். ஆனால் படுத்திருக்கும் மாமிக்குத் தெரியாமல் ஏசி 24-லிருந்து 27-க்குப் போவதும், மதியம் தானாக அணைவதும் மாமிக்குக் கவனிப்பாகத் தெரியவில்லை. “வீட்டுல நான் இருக்கேனா, அவன் இருக்கானா?” என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு ஏற்பாடு: அறைக்குள் இருப்பவர் கைதான் பெரிது. துபாயிலிருந்து பார்க்கலாம், தொடுவதென்றால் முதலில் போன். பெரிய மச்சான் உடனே ஒப்புக்கொண்டார். சின்னவருக்குக் கொஞ்சம் வருத்தம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் பில்லின் விகிதப் பட்டியலே மாறிவிடும் என்று கணக்கெல்லாம் சொன்னார். கணக்கு சரிதான். அதைக் காலையில் சொன்னால் மாமியே கேட்டுக்கொள்வார்.

கணக்கு விஷயத்தில், அதாவது ஆப் கணக்கில், கறாராக இருங்கள். பக்கத்து வீட்டில் ஹப் மாட்டிக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் தன் போன் நம்பரிலேயே கணக்கைத் திறந்து வேலையை முடித்துவிட்டுப் போனார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான். ஆனால் அந்த வீட்டு ஏசி எப்போது ஓடுகிறது, எப்போது ஆள் இல்லை என்பதெல்லாம் அவர் போனில். ஹப்பை ரீசெட் செய்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒருவரின் நம்பரில் கணக்கைத் திறந்து, மற்றவர்களுக்கு ஆப்பில் உள்ள குடும்பப் பகிர்வு வழியாகக் கொடுங்கள். நாடு கேட்கும் இடத்தில் இந்தியா. வெளிநாட்டில் இருப்பவர் அங்கே உட்கார்ந்து கணக்கைத் திறந்து, வீட்டின் இடத்தையும் அங்கேயே குறித்து வைத்தால், காலை ஐந்து மணிக்கு வைத்த டைமர் இங்கே ஆறரைக்குத்தான் நடக்கும்.

டைமர்களைப் பற்றி என் அபிப்பிராயம்: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சுபுஹு தொழுகைக்கு எழும் நேரத்தில் ஏசி அணைவது போல ஒன்று வைத்தோம். நோன்பு மாதம் வந்ததும் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எல்லோரும் இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்தார்கள். தொழுதுவிட்டு மறுபடி படுத்தார்கள். டைமர் தன்பாட்டுக்கு ஏசியை அணைத்துக்கொண்டிருந்தது. வீட்டின் நடைமுறை மாறும்போதெல்லாம் ஆப்பைத் திறந்து மாற்ற ஆள் வேண்டும். இப்போது இருப்பது ஒன்றே ஒன்று: மாடி அறையில் ஏசி பகல் பத்து மணிக்கு அணையும். யாரும் அந்த நேரத்தில் மேலே இருப்பதில்லை.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை வாங்கும்போதே யோசியுங்கள். ரவுட்டர், ஃபைபர் பெட்டி, ஹப் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை; மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன பல்பு அளவுதான் இழுக்கும். ஏசி இன்வெர்ட்டரில் ஓடாது. பல ஏசிகளில் கரண்ட் வந்ததும் பழைய நிலைக்கே தானாகத் திரும்பும் வசதி உண்டு, அது உங்கள் ஏசியில் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போயிருக்கும்போது மெயின்டனன்ஸுக்காக நிறுத்திய கரண்ட் சாயங்காலம் வந்தால், காலியாக இருக்கும் அறையை அது குளிரவைக்க ஆரம்பித்திருக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கும்போது நான் செய்வது பழைய வைத்தியம்: பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

இனி உப்பு. கடலோர வீட்டில் இருப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். காற்றில் வரும் உப்புத்தூள் எல்லாவற்றின் மேலும் படியும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது அந்த உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மழை பெய்ய வேண்டியதில்லை, சிந்த வேண்டியதில்லை. சர்க்யூட் போர்டில் இரண்டு காலுக்கு நடுவே அந்த ஈரப் படலம் இருந்து, கரண்டும் ஓடினால் செம்பு அரிக்கத் தொடங்கும். நம் பக்கத்தில் ராத்திரியும் விடியலிலும் ஈரப்பதம் 75-க்கு மேல் போவது சாதாரணம். பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவோடு போராடியேதான் இத்தனை காலம் காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். நம் ரிமோட் ஸ்பிரிங்குக்கு இருப்பது மெல்லிய முலாம்.

ஹப்பில் பேட்டரி இல்லை, ரப்பர் பட்டன் இல்லை, அதனால் ரிமோட்டைவிட நன்றாகத் தாங்கும். அதன் பலவீனம் யுஎஸ்பி துளை. பாம்பனில் விசைப்படகுகளில் கடல் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் பழுது பார்க்கும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னவை எல்லாம் கடலில் சோதித்தவை. ஹப்பைக் கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதே. ஏசியின் குளிர்காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம், ஏசி நின்றதும் வெளிக்காற்று பட்டு அதன் மேல் வியர்க்கும். யுஎஸ்பி துளை கீழே பார்க்கும்படி வை. பாலித்தீன் பையில் சுற்றி வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்காதே, ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எப்போதும் கரண்டில் இருப்பது நல்லது, அந்த இளஞ்சூடே ஈரத்தை அண்டவிடாது. துடைக்கும்போது வெறும் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பு போகாது. நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி முதலில், காய்ந்த துணி பிறகு, கரண்டை எடுத்துவிட்டு.

அரித்துப்போன ரிமோட்டைக் காப்பாற்றவும் அவரே வழி சொன்னார். பேட்டரியை எடுத்து, திறந்து, போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பழைய டூத் பிரஷால் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு மூட வேண்டும். ஸ்பிரிங்கில் பூத்த பச்சையைச் சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இப்படித் தேற்றிய ரிமோட்டுகளைப் பேட்டரி இல்லாமல், இறுக்கி மூடும் டப்பாவில், மருந்துப் பெட்டியிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்திருக்கிறேன். ஹப் வந்துவிட்டதே என்று ஒரிஜினல் ரிமோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஹப் கெட்டு வேறு வாங்கினால் அதற்குக் கற்றுக்கொடுக்க அதுதான் ஆசிரியர்.

ஈரப்பதம் காட்டும் சென்சார் உதவியது என்று சொன்னேன் அல்லவா? டிவி இருக்கும் ஹாலில் ஏசி இல்லை. மாமி அறையிலும் மாடியிலும் உண்டு. ஈரப்பதம் ஏறும் நாட்களில் அங்கே கொஞ்ச நேரம் ‘ஈரம் எடு’ ஓட்டினால் போதும், குளிரவே வேண்டியதில்லை. அலமாரித் துணி வாடையும் குறைந்தது.

பேச்சுக் கட்டளை பற்றிக் கேட்பவர்களுக்கு: மனைவி ஓர் எக்கோ ஸ்பீக்கரை ஹப்போடு இணைத்திருக்கிறாள். அதில் பேசும் அலெக்சா இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும்தான் பேசும். தமிழில் முழு வாக்கியம் சொன்னால் திணறும். கருவிக்கு நாம் வைக்கும் பெயர் சின்னதாக, ஆங்கில வாயிலும் நுழைவதாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். ‘மாமி ஏசி’ நன்றாக வேலை செய்கிறது, ‘மாடி ஏசி’ அதோடு குழம்பியதால் ‘டாப் ஏசி’ ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு விளையாட்டு. மாமி அதனிடம் நேராகப் பேசுவதில்லை, “அந்தப் பிள்ளைக்கிட்ட சொல்லி காத்தாடியை குறைங்க” என்று எங்களிடம்தான் சொல்வார். அவருக்கு நான் செய்து கொடுத்தது வேறு: ஏசியின் ஒரிஜினல் ரிமோட்டில் தேவையில்லாத பட்டன்களின் மேல் கருப்பு டேப் ஒட்டி, போட, அணைக்க, கூட்ட, குறைக்க மட்டும் விட்டேன். வீட்டிலேயே அதிகம் பாராட்டு வாங்கியது அந்த டேப்தான்.

எந்த ஹப் வாங்குவது? பெயர் சொல்வதைவிட எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன். வீட்டுக்கு வெளியிலிருந்து நாம் தட்டும் கட்டளை நேராக வீட்டுக்கு வருவதில்லை. கம்பெனியின் சர்வருக்குப் போய் அங்கிருந்து வருகிறது. ஃபைபர் அறுந்தாலும், அந்த சர்வர் நின்றாலும் கதை முடிந்தது. லாஜிடெக் கம்பெனி ஹார்மனி லிங்க் என்ற ஹப்பை 2018 மார்ச்சில் நிறுத்தப்போவதாகச் சொன்னபோது, நன்றாக இருந்த கருவிகள் வேலைக்கு ஆகாமல் போகும் நிலை வந்தது. வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகு புது ஹப்பை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். 2021-இல் ஹார்மனி ரிமோட்டுகளைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய பெயருக்கே அப்படி என்றால், பெயர் தெரியாத ஆப்பை நம்பி வாங்குவதை யோசிக்க வேண்டும். இன்டர்நெட் இல்லாமல் வீட்டு வைஃபைக்குள்ளேயே கட்டளை ஓடும் ஹப்புகள் இருக்கின்றன. பிராட்லிங்க் கம்பெனி ஹப்புகளை ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளோடு சேர்த்து, வெளி சர்வர் இல்லாமலே ஓட்டலாம். கம்ப்யூட்டரில் கை வைக்கத் தெரிந்த பையன் வீட்டில் இருந்தால் ஒரு விடுமுறை நாள் வேலை.

தெரிந்தவர் வீட்டில் ஹப் இருந்தால் வாங்குவதற்கு முன்னால் போய், ரவுட்டரிலிருந்து ஃபைபர் வயரை மட்டும் கழற்றச் சொல்லுங்கள், வைஃபை அப்படியே இருக்கட்டும். போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு ஏசியைப் போடச் சொல்லிப் பாருங்கள். ஓடினால் அதே மாடலை வாங்கலாம். சுற்றிக்கொண்டே இருந்தால் அடுத்த மாடலைப் பாருங்கள்.